முலான் படக்கதையின் காலம்

நூல் ஒன்றின் காலமும் அந்நூல் கூறும் கதையின் காலமும் வேறு வேறு என்பது இலக்கிய வரலாறு பயில்வார் யாவரும் அறிந்ததே. எனினும் ஆராய்ச்சி வழக்கில் இவ்விரண்டும் தம்முள் மயங்குதல் அரிதன்று. இம்மயக்கம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டவல்ல ஒரு சான்று, நாம் வழக்கமாகக் கண் செலுத்தாத ஓரிடத்தில் உள்ளது. அசைவூட்டப் படம் எனப்படும் ஓவியத் திரைப்படங்களின் கதை எந்த ஆண்டில், எந்த நூற்றாண்டில் நிகழ்கின்றது என்று அப்படங்களின் சுவைஞர்கள் நடத்திவரும் ஆராய்ச்சியே அது. பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அவர்கள் கையாளும் முறை நம் துறையின் முறையே. அவர்கள் இடறும் இடமும் நம் துறையினர் பலர் இடறிய இடமே.

அவர்தம் முறை வருமாறு. படத்தை ஓடவிட்டுப் பார்ப்பதோடு அமையாது, காட்சிதோறும் நிறுத்தி, அதில் வரையப்பட்டுள்ள விளக்கு, வண்டி, உடை, கலம், கட்டடம், செய்தித்தாள் முதலியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். ஒவ்வொரு பொருளும் உலகில் எப்பொழுது தோன்றிற்று, எப்பொழுது வழக்கொழிந்தது என்று தேடுகின்றனர். பொருள் தோன்றுவதற்கு முன் கதை நிகழ்ந்திருத்தல் இயலாது. இதனை முன்னெல்லை என்போம். பொருள் மறைந்த பின் நிகழ்ந்திருத்தலும் இயல்பன்று, அது பின்னெல்லை. எல்லாப் பொருள்களின் எல்லைகளுக்கும் பொதுவாய் அமையும் காலமே கதையின் காலம் என்பது அவர்கள் துணிபு.

சில படங்களில் இத்துணை முயற்சிக்கும் தேவை இராது. 1970இல் வெளிவந்த ‘அரிஸ்டோகேட்ஸ்’ 1910ஆம் ஆண்டுப் பாரிசு நகரத்தில் நிகழ்வதாகத் தானே அறிவிக்கின்றது. 1999இல் வந்த ‘இரும்பு அரக்கன்’ என்னும் படம், 1957 அக்டோபரில் உருசியர் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றது. 2004இல் வந்த ‘இன்கிரெடிபில்ஸ்’ படத்தில் கதைத்தலைவன் படிக்கும் செய்தித்தாளில் 1962ஆம் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதைச் சுவைஞர்கள் படத்தை நிறுத்திக் கண்டறிந்தனர். 1959இல் வந்த ‘உறங்கும் அழகி’ படத்தில் இளவரசன் தன் தந்தையிடம் இது பதினான்காம் நூற்றாண்டு என்று வாய்விட்டே கூறிவிடுகின்றான். ஆனால் இங்கேயே ஓர் ஐயம் எழுகின்றது. அப்படத்தின் கோட்டைகளுக்கும் மரங்களுக்கும் உடைகளுக்கும் துணையாகக் கொள்ளப்பட்ட ஐரோப்பிய ஓவியச் சுவடிகளுட் பல பதினைந்தாம் நூற்றாண்டின. கதைமாந்தன் வாய்மொழி ஒரு நூற்றாண்டையும் ஓவியன் கைம்மொழி மற்றொரு நூற்றாண்டையும் கூறுமாயின் எதனைக் கொள்வது? இடைவெளி நூறாண்டேயாதலின் அங்கே இவ்வினா பெரிதாகத் தோன்றவில்லை. இடைவெளி ஆயிரத்தறுநூறு ஆண்டாக விரிந்த படம் ஒன்றுண்டு. அதுவே ஈண்டு ஆராயப்படுவது.

டிஸ்னி நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘முலான்’ சீனநாட்டுப் பழங்கதை ஒன்றைத் தழுவியது. முதுமையும் புண்ணும் உற்ற தந்தைக்குப் போர்க்கட்டளை வருகின்றது, ஆண்மக்கள் வளர்ந்திலர், மகள் ஆணுடை புனைந்து தந்தைக்குப் பதிலாகப் படையிற் சேர்கின்றாள். படத்தில் எந்த ஆண்டும் கூறப்படவில்லை. பேரரசனுக்குப் பெயர் இல்லை. இத்தகைய பெண் ஒவ்வோர் அரசமரபுக் காலத்திலும் தோன்றுவாள் அல்லள் என்ற கருத்துப்பட அவ்வரசன் இறுதியில் ஒரு சொல் சொல்கின்றான். ஆனால் தன் மரபு இன்னதென்று கூறினானல்லன். ஆகவே சுவைஞர்கள் பொருட்சான்றுகளை நாடுவாராயினர்.

முதற்சான்று பகைவன் பெயர். படத்தில் வடக்கிலிருந்து படையெடுத்து வருவோர் ஹூணர். அவர்தம் தலைவன் ஷான் யூ. ‘ஷான்யூ’ என்பது இயற்பெயரன்று. சீனர் சியோங்னு என்று குறித்த புல்வெளி மக்களின் வேந்தனுக்குரிய பட்டப்பெயர் அது. ‘செம்பியன்’ என்பதைக் கேட்டு அதுவே ஒருவனுக்குத் தந்தை இட்ட பெயர் என்று கொண்டதனை ஒக்கும் இது. சியோங்னுவே ஐரோப்பாவைக் கலக்கிய ஹூணர் என்ற கருத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தெ கீஞ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பரப்பினார். அது நெடுங்காலமாக வழக்கிலுள்ள வினா. அதனை ஈண்டு விடுவோம். ஷான்யூக்களின் ஆட்சி வலிமை கி. மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஓங்கி, கி. பி. 48இல் இரண்டாகப் பிளந்து, 89க்கும் 91க்கும் இடையே வடபிரிவு முறியடிக்கப்பட்டதோடு சாய்ந்தது. இச்சான்றை நம்புவோர் கதையை ஹான் மரபின் காலத்தில் வைப்பர்.

இவர்க்குத் துணையாவது படத்திலுள்ள ஓர் உரையாடல். தன்னைப் பேரரசன் தடுப்பான் என்று கூறிய ஒற்றரிடம் ஷான் யூ, சுவர் எழுப்பியதன் வாயிலாக அரசன் தன் வலிமையைப் போருக்கு அழைத்துவிட்டான் என்று மறுமொழி கூறுகின்றான். எனவே சுவரைக் கட்டியவன் படத்தில் ஆளும் அரசனே என்றாகின்றது. வடபுலச் சுவர்களை இணைத்துப் பெருஞ்சுவராக்கும் பணியைத் தொடங்கியவன் சின் மரபின் முதற் பேரரசன், கி. மு. 214ஐ ஒட்டி அவன் படைத்தலைவன் மெங் தியான் அப்பணியை நடத்தினான். அவ்வரசன் இறந்தது கி. மு. 210இல். இக்கணக்குப்படி படத்தின் ஷான்யூ தூமான் என்பானாதல் வேண்டும். சியோங்னுவரைப் பேரரசாக்கிய மோடு என்பான் தந்தையைக் கொன்று பட்டமெய்தியது கி. மு. 209இல்தான். அகச்சான்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு இத்துணைத் தொலைவு செல்லலாம் என்பது வியப்பே. இனி அச்சுவரையே நோக்குவோம்.

சின், ஹான் காலத்துச் சுவர் பெரும்பாலும் மண்ணை அடித்து இறுக்கி எழுப்பப்பட்டது. மேலைப் பாலைநிலங்களில் நாணலும் சரளையும் அடுக்கிக் கட்டினர். அதன் எச்சங்களை இன்றும் கான்சூப் பகுதியிற் காணலாம். படத்திலுள்ள சுவரோ கல்லாலும் செங்கல்லாலும் உயர்ந்து, மேலே படைஞர் நடக்கும் பாதையும் பல்வரிசை போன்ற ஞாயிலும் இடையிடையே சதுரக் காவல் மாடங்களும் உடையது. இவ்வடிவம் மிங் மரபின் காலத்தது; அஃதாவது 1368க்கும் 1644க்கும் இடைப்பட்டது. பகை வரவை அறிவிக்கத் தீ மூட்டும் செயல் மட்டும் ஹான் காலத்திற்கும் பொருந்தும். சூயான் என்னும் எல்லைப்புறத்தில் 1930 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட மரச்சிம்பு ஏடுகள், ஹான் காலத்துக் காவலர் தீயும் புகையும் கொண்டு எங்ஙனம் குறிப்பனுப்பினர் என்பதை நன்கு காட்டுகின்றன. ஆகத் தீ ஒரு காலத்தையும் அத்தீ எரியும் மாடம் வேறொரு காலத்தையும் சுட்டி நிற்கின்றன.

அரண்மனையும் அவ்வாறே. அகன்ற முற்றம், உயர்ந்த படிநிரை, இருமடிக் கூரை, செந்நிறத் தூண்கள் ஆகியவை பீக்கிங்கிலுள்ள ‘விலக்கப்பட்ட நகரம்’ என்னும் அரண்மனையைப் பார்த்து வரையப்பட்டவை. அதன் கட்டடப்பணி 1406இல் தொடங்கி 1420இல் முடிந்தது. வெடிமருந்து மற்றொன்று. மலைக்கணவாயில் முலான் ஓர் எரிவாணத்தைப் பனிமலைமேற் செலுத்திப் பகைப்படையைப் புதைக்கின்றாள். முடிவில் ஷான் யூ மாய்வதும் எரிவாணத்தால்தான். வெடிமருந்துக் கலவையின் குறிப்பு ஒன்பதாம் நூற்றாண்டு நூல்களில் தலைகாட்டுகின்றது. அளவோடு கூடிய கலவை முறைகள் 1044இல் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலில் உள்ளன. எரிவாணங்கள் போரில் வழங்கியது அதற்கும் பிற்பட்டே.

இவற்றையெல்லாம் காட்டிலும் எமக்குச் சுவையாகத் தோன்றுவது ஒரு சிறு கலம். திருமணம் கூட்டுவிப்பவள் முன்னிலையில் முலான் தேநீர் வார்க்கும் காட்சியில் மூக்குடைய தேநீர்க் கெண்டி ஒன்று வருகின்றது. தேயிலையைக் கட்டியாக்கிப் பொடித்துக் காய்ச்சியோ கடைந்தோ பருகுதலே சீனரின் பழைய வழக்கம். கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்தும் முறையை மிங் மரபின் முதல் அரசன் 1391இல் நிறுத்திய பின்னரே, உதிர் இலையைக் கெண்டியில் இட்டு ஊறவைத்து வார்க்கும் முறை ஓங்கியது. மேலும், முலான் பாட்டுத் தோன்றியதாகக் கருதப்படும் வட வெய் அரசின் அவையில் தேநீருக்கு அத்துணை மதிப்பும் இல்லை. தெற்கிலிருந்து வந்து அவ்வவையை அடைந்த வாங் சூ என்னும் பெருமகன், தேநீர் தயிருக்கு அடிமையாதற்கே ஏற்றது என்று அரசன் மகிழக் கூறினான் என ஆறாம் நூற்றாண்டின் இடையில் எழுதப்பட்ட லோயாங் நகரக் கோயில்கள் பற்றிய நூல் தெரிவிக்கின்றது. பாலும் தயிரும் உண்ட வடபுல அவையில் தேநீர் தென்னாட்டார் பழக்கம் என எள்ளப்பட்டது. அங்கே மணப்பெண்ணின் தகுதியைத் தேநீர் வார்க்கும் திறத்தால் அளந்திருப்பர் என்று கருத இடமில்லை.

எதிர்மறைச் சான்று ஒன்றையும் சிலர் காட்டுவர். படத்தில் எப்பெண்ணின் காலும் கட்டப்படவில்லை. கால் கட்டும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டில் தோன்றிப் பரவியது. ஆதலின் கதை அதற்கு முற்பட்டது என்பர். இன்மையைக் கொண்டு காலம் துணிதல் நம் துறையிலும் பலகாலும் நிகழ்வதே. ஒரு நூலில் ஒரு செய்தி கூறப்படாமைக்கு அச்செய்தி அக்காலத்தில் இல்லாமை ஒன்றே காரணமாதல் இல்லை. கூற விரும்பாமையும் காரணமாகலாம். ஓடவும் ஏறவும் போர் செய்யவும் வேண்டிய தலைவியின் காலை எவ்வோவியரும் கட்டி வரைய முன்வரார்.

இனி இவற்றைத் தொகுத்து நோக்கின், பகைவன் பெயர் கி. பி. முதல் நூற்றாண்டைத் தாண்டவிடவில்லை. அரண்மனை 1420க்கு முன் செல்லவிடவில்லை. பின்னெல்லை முன்னெல்லைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு முற்பட்டு நிற்கின்றது. சுவரைக் கட்டியவனே ஆள்கின்றான் என்ற உரையாடலையும் சேர்த்தால் இடைவெளி ஆயிரத்தறுநூறு ஆண்டைக் கடக்கும். எல்லாச் சான்றுக்கும் பொதுவான ஓர் ஆண்டு இல்லவே இல்லை. சுவைஞர்கள் இங்கே பிரிகின்றனர். பெயரை நம்புவோர் ஹான் என்பர்; கட்டடத்தை நம்புவோர் மிங் என்பர்; மூலப்பாட்டை நம்புவோர் வட வெய் என்பர்; காலமே இல்லாத கற்பனை நாடு என்று கைவிடுவாரும் உளர். இறுதிக் கூற்று எளிதாயினும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. காலமற்றது என்று கூறிவிட்டால், குறிப்பிட்ட அப்பொருள்கள் மட்டும் ஏன் வரையப்பட்டன என்பதற்கு விடை கிடையாது.

மூலப்பாட்டை நம்புவோர் நிலை முதலில் ஆராயத்தக்கது. முலான் பாட்டு ஏறத்தாழ 330 சீன எழுத்துக்களால் ஆகிய சிறு பாட்டு. ஆறாம் நூற்றாண்டில் துறவி ஒருவர் தொகுத்த இசைப்பாட்டு நூலில் அஃது இடம்பெற்றிருந்தது, அந்நூல் மறைந்தது. இன்று நாம் காண்பது சோங் காலத்தில் குவோ மாவோசியான் தொகுத்த பெருந்தொகையிலுள்ள வடிவம். பாட்டில் மஞ்சளாறும் வடபுல மலைகளும் வருகின்றன. போர் பத்து ஆண்டுக்கு மேல் நீள்கின்றது. பகைவர் இன்னார் என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. தலைவிக்குக் குடிப்பெயரும் இல்லை. 386 முதல் 534 வரை வடசீனத்தை ஆண்ட வட வெய் அரசின் காலத்தில், வடக்கே இருந்த ரூரான் என்னும் நாடோடிப் பேரரசோடு நிகழ்ந்த போர்களின் சூழலில் இது தோன்றியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பெரும்பாலார் கொள்கை.

ஆனால் அப்பாட்டும் மாசு மறுவற்ற ஒரு காலச்சான்று அன்று. வீரர்க்குப் பன்னிரு படியாகச் சிறப்பளிக்கும் முறை அதில் கூறப்படுகின்றது; அம்முறை தாங் மரபின் காலத்தது, அஃதாவது 618க்குப் பிற்பட்டது. இதனைக் கொண்டு பாட்டு முழுவதும் தாங் காலத்தது என்பாரும், பழம்பாட்டில் தாங் காலப் புலவர் கை பட்டுள்ளது என்பாரும் உளர். பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. படம் மூலத்தைப் பிழைபடுத்திவிட்டது என்று சினப்போர், மூலமே அடுக்கடுக்கான காலங்களையுடையது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இப்பாட்டிலுள்ள மற்றொரு முரண்பாடு வேறு வகையாக முடிந்தது. அரசன் ஓரிடத்தில் ‘ககான்’ என்னும் புல்வெளி வேந்தர் பட்டத்தாலும் மற்றோரிடத்தில் ‘விண்ணின் மகன்’ என்னும் சீனப் பேரரசர் பட்டத்தாலும் சுட்டப்படுகின்றான். ஒருவனுக்கே இரண்டும் உரியனவாதல் எங்ஙனம்? இரு வேறு காலப் பாடங்கள் கலந்துவிட்டன என்று கருதுதற்கு இஃது இடமளித்தது. 1980ஆம் ஆண்டில் உள்மங்கோலியாவின் பெருங்கிங்கான் மலையில் காசியான் என்னும் குகையில் ஒரு கல்வெட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. 443ஆம் ஆண்டில் வட வெய் அரசன் தைவூ தன் முன்னோர் இருப்பிடம் என்று கருதப்பட்ட அக்குகைக்குத் தூதரை அனுப்பி வழிபாடு செய்வித்தபோது வெட்டுவித்தது அது. அதில் அவன் தன்னை விண்ணின் மகன் என்று குறிக்கின்றான். தன் முன்னோரைக் ககான் என்னும் பட்டத்தால் அழைக்கின்றான். இரு பட்டமும் ஒரே கல்லில், ஒரே வேண்டுதலில் உள்ளன. இவ்வேண்டுதலே ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வெய் வரலாற்று நூலிலும் உண்டு. ஆனால் அங்கே ககான் என்ற சொல் விடப்பட்டுள்ளது. ஏட்டை எழுதியோர் நீக்கியதைக் கல் காத்துவைத்தது. முரண்பாடு என்று தோன்றுவதெல்லாம் காலவழு ஆகிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று காண்டல் அரிது. (காலவழு என்பதை இலக்கண நூலார் வினையின் காலமயக்கத்திற்கே வழங்கினர், ஈண்டுப் பொருளின் காலமயக்கத்திற்கு அச்சொல்லைக் கொண்டோம்.)

பாட்டுக்குப் பின் கதை வளர்ந்த வழியையும் சிறிது நோக்குதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ வெய் என்னும் நாடகாசிரியரே தலைவிக்கு ‘ஹுவா’ என்னும் குடிப்பெயரைத் தந்தார். அவர் நாடகத்தில் முலான் போருக்குப் புறப்படுமுன் தன் கட்டிய கால்களை அவிழ்க்கின்றாள். மீண்டும் அவற்றைச் சிறிதாக்கும் மருந்து தன் வீட்டில் உண்டு என்று ஆறுதலும் கொள்கின்றாள். வட வெய்க் காலத்தில் இல்லாத கால்கட்டு அது. தம் காலத்துப் பெண்களிடம் கண்டதைப் பதினொரு நூற்றாண்டு முற்பட்ட பெண்ணிடம் சூ வெய் ஏற்றினார். இதனைப் பிழை என்று எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. டிஸ்னி நிறுவனத்தார் செய்தால் மட்டும் பேசுகின்றனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த சூயி, தாங் காலக் கதைநூல் ஒன்று அவளைத் துருக்கியக் ககானின் ஆட்சியில் வாழ்ந்தவளாக்கித் துயர முடிவு தந்தது. படத்தில் அவள் குடிப்பெயர் ‘ஃபா’. ஹுவா என்பதன் கன்டோனிய ஒலிப்பு அது; அமெரிக்காவிற் குடியேறிய தென்சீனர் வழங்கியது; 1976இல் மாக்சீன் ஹாங் கிங்ஸ்டன் எழுதிய நூலிலும் அவ்வடிவமே உள்ளது. முலான் என்பதோ வடமொழியாகிய மாண்டரின் ஒலிப்பு. பெயரின் முற்பகுதி தெற்கிலிருந்தும் பிற்பகுதி வடக்கிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டன. அப்பெயர் ஒன்றே படத்தின் வரலாற்றைச் சொல்லும்.

இனிச் சுவைஞர் முறையின் குறை யாதென்பது விளங்கும். நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில், தெருவிற் சென்ற வண்டியோ தொலைவிலிருந்த கம்பமோ எவரும் அறியாமலே படக்கருவிக்குள் புகுந்துவிடும். ஓவியப்படத்தில் அது நிகழாது. எவரேனும் ஒருவர் வரைந்தாலன்றி அங்கே ஒரு துரும்பும் இராது. கைதவறி நுழைதல் இல்லை. கைப்பழக்கத்தால் நுழைதல் உண்டு. ஓவியன் தான் கண்டதையே வரைவான். சீனப் பெருஞ்சுவர் என்று அவன் காண்பது இன்று நிற்கும் சுவர். இன்று நிற்பனவற்றுள் சிறந்தது மிங் காலத்தது. பேரரசன் மாளிகை என்று அவன் காண்பது இன்று நிற்கும் மாளிகை. அதுவும் மிங் காலத்தது. வட வெய்யரின் பழைய தலைநகராகிய பிங்செங்கிலோ, 494இல் அவர்கள் புகுந்த லோயாங்கிலோ அவர்தம் அரண்மனை ஒன்றும் கண்ணுக்குக் காட்சியாக நிற்கவில்லை. ஆகவே படத்திலுள்ள பொருள்கள் கதை நிகழ்ந்த காலத்திற்குச் சான்றல்ல; எவை அழியாது எஞ்சின என்பதற்கே சான்று. தேநீர்க் கெண்டி முதலியவற்றிலும் மிங் சாயல் மிகுதியாயிருப்பதற்குக் காரணமும் இதுவே. பதினாறாம் நூற்றாண்டில் கடல்வழி வந்த ஐரோப்பியர் கண்ட சீனம் மிங் சீனம். அவர்கள் கொண்டுசென்ற கலங்களும் படங்களுமே மேலைநாட்டில் சீனம் என்னும் சொல்லுக்கு உருவம் தந்தன.

தமிழ் ஆராய்ச்சியில் இதனை ஒத்த வேறுபாட்டை அகப்பாட்டுக்கள் வாயிலாக உணரலாம். அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறப்படாது. ஆகவே அவர் காலம் இன்னது என்று வினவுதற்கே இடமில்லை. ஆயினும் தலைவன் பிரிந்து சென்ற பொருளின் அருமையையோ, கடந்து சென்ற வழியையோ கூறுமிடத்து மாமூலனார் நந்தரையும் மோரியரையும் குறிப்பிடுகின்றார். அக்குறிப்பு, புலவர் எவற்றை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். தலைவன் மோரியர் காலத்தில் பிரிந்தான் என்பதற்குச் சான்றாகாது. அப்புலவர் மோரியரோடு ஒருகாலத்தவர் என்பதற்கும் அது மட்டும் போதாது; கேட்டறிந்த பழஞ்செய்தியாகவும் இருக்கலாம். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாளைப் பற்றிய குறிப்பையும் உரையிற் கண்ட வானநிலைக் குறிப்புக்களையும் கொண்டு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி. பி. 756 என்ற ஆண்டைக் கணித்தார். கயவாகு மன்னனைக் கொண்டு இரண்டாம் நூற்றாண்டு என்பார் அதனை மறுத்தனர். கணக்குப் பிழையா என்பதன்று இங்கு வினா. நாட்குறிப்பு யார் கையால், எந்த அடுக்கில் வந்தது என்பதை முடிவு செய்யாமல் அதனைக் கதைக்கும் நூலுக்கும் ஒருங்கே பொதுவாக்குதல் இயலுமா என்பதே வினா. முலான் படத்தில் ஷான் யூ என்னும் பெயரையும் விலக்கப்பட்ட நகரத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த முயன்றோர்க்கு நேர்ந்ததும் அதுவே.

காலம் எதுவாயினும் கதையின் சுவைக்கு யாது குறை என்று கேட்பார் உளர். சுவைக்கு ஒருகால் குறையில்லாமல் இருக்கலாம், பொருளுக்குக் குறையுண்டு. வட வெய் அரசர் சீனர் அல்லர். சியான்பே இனத்தின் தோபா என்னும் குடியினர். புல்வெளியிலிருந்து இறங்கி வந்து வடசீனத்தை ஆண்டவர். 496இல்தான் தம் குடிப்பெயரை யுவான் என்னும் சீனப் பெயராக மாற்றிக்கொண்டனர். அவரோடு பொருத ரூரான் மக்களும் புல்வெளியினரே; அவர் வேந்தனும் ககான் என்றே அழைக்கப்பட்டான். 429இல் தைவூ பாலையைக் கடந்து சென்று ரூரான் மேற் படையெடுத்தபோது இருபுறமும் குதிரைவீரர், இருபுறமும் ககான் மரபினர். பழம்பாட்டின் முலான் அத்தகைய ஒரு ககானின் கட்டளைக்குப் பணிந்து போருக்குச் சென்றவள். படத்தின் முலானோ சுவருக்கு இப்பாலுள்ள சீனத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து வரும் ஹூணரிடமிருந்து காக்கின்றாள். கதையை ஹான் காலத்திற்குத் தூக்கியதனால், வடபுலத்து வேந்தனின் படைஞராய் இருந்தவள் வடபுலத்தாரின் பகைஞராகிவிட்டாள். மிங் சுவர் இடையில் எழுந்தவுடன் இப்பிரிவு கண்ணுக்குத் தெரியும் கற்சுவராகவும் ஆகிவிட்டது. பாட்டிலோ சுவர் என்ற பேச்சே இல்லை. இம்மாற்றத்தைப் படம் செய்தோர் எண்ணிச் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. சூ வெய் முதலாகப் பலர் கைபட்டு வந்த கதை அது. ஆயினும், கால வினாவை விடாது எழுப்பிய சுவைஞர்கள் இல்லையேல் இம்மாற்றம் பலர் கண்ணுக்குப் புலப்பட்டே இராது. அவர்கள் தேடிய ஆண்டு கிடைக்கவில்லை என்பதால் அவர் உழைப்பு வீணாயிற்று என்று கருதுதல் தகாது.

2020இல் அதே நிறுவனம் நடிகரைக் கொண்டு முலான் கதையை மீண்டும் எடுத்தபோது பகைவரை ரூரான் ஆக்கியது. தலைவன் பெயரும் ககான் என்னும் பட்டத்தோடு வந்தது. இந்த அளவில் பழைய படத்தின் பெருவழு ஒன்று நீங்கிற்று. ஆனால் முலானின் குடும்பம் வாழ்வதாக அதிற் காட்டப்பட்டது, நடுமுற்றத்தைச் சூழ மண்ணால் எழுப்பிய பெருவட்ட வீடு. அத்தகைய வீடுகள் பெரும்பாலும் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை. 2008இல் உலகப் பண்பாட்டுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றவை. சீனச் சுவைஞர்கள் அவற்றைக் கண்டவுடனே அடையாளம் கூறிவிட்டனர். அவ்வீடுகள் நிற்கும் தென்கிழக்குக் கடற்கரை நாடாகிய ஃபூஜியான் வட வெய் அரசின் எல்லைக்குள் ஒருநாளும் அடங்கியிருந்ததில்லை.